ஆதரவற்றது

மண்டபம் வடக்குத் துறையில் ஒற்றை அறை.
கூரையில் ஒரு தட்டு, வானத்தைப் பார்த்தபடி.
மேசையில் லினக்ஸ் போட்ட பழைய பெட்டி.
மென்பொருளுக்குக் காசு கொடுக்கக் கூடாதென்று உத்தரவு.
நெறிமுறையைச் சோதிக்கும் கருவிக்கு மட்டும்
நாலரை லட்சம் கொடுத்திருந்தார்கள்.
டெண்டர் போட்டவர் இந்த மேசையைப் பார்த்ததில்லை.

செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.
அது செய்த வேலை அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் பெங்களூரிலிருந்து பதில்.
தேஜஸ் ஹெக்டே என்றொருவர்.
அன்புள்ள ஐயா என்று ஆரம்பம்.
(ஐயா இல்லை, பெல்சியா. விட்டுவிட்டேன்.)
உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் கிடையாது,
வருமா என்றும் சொல்வதற்கில்லை,
அதற்கு எங்கள் சப்போர்ட் இல்லை.

தலைமை அலுவலகத்துக்குத் தமிழில் குறிப்பு வைக்க வேண்டும்.
அந்த ஒரு சொல்லில் பேனா நின்றது.
யோசித்து எழுதினேன்: கருவி இவ்விடத்தில் ஆதரவற்றது.

எழுதியதும் சிரிப்பு வந்தது.
இந்த நாற்காலிக்கு நான் வந்ததே
அந்தச் சொல்லின் மேல் ஏறித்தான்.
உச்சிப்புளி வளைவில் லாரி மோதி
கிளாட்வின் போன மறு வருஷம்
கோட்டாட்சியர் கையெழுத்தில் ஒரு சான்றிதழ்:
ஆதரவற்ற விதவை.
கூடப் பிறந்தவன் உண்டா என்று கேட்டார் வி.ஏ.ஓ.
உண்டு.
சோறு போடுகிறானா?
ஆமாம் என்றால் சான்றிதழ் கிடையாது.
இல்லையென்று சொல், இல்லையென்று சொல் என
பின்னால் நின்று முதுகில் கிள்ளியவன்
என் தம்பி.

சரி, படகுக்கு வருவோம்.
ஒவ்வொரு விசைப்படகிலும் ஒரு சிவப்புப் பொத்தான்.
அழுத்தினால் வானம் ஏறி என் மேசையில் இறங்கும்.
அதுவும் அதே கம்பெனி செய்ததுதான்.
கச்சான் அடிக்கும் ஆனி மாதத்தில்
ஒரு அழுத்து மூன்றாக வந்தது, நான்காக வந்தது.
எவனோ விளையாடுகிறான் என்று
இரவுப் பணியில் இருந்தவர் ஒலியைக் குறைத்துவிட்டார்.
என்ஜினில் தண்ணீர் ஏறி
விடியும்வரை மிதந்த நூகுக்கனி
கரையேறி வந்து சொன்ன வார்த்தைகளைப்
பதிவேட்டில் ஏற்ற முடியாது.

நாலரை லட்சத்தை அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன்.
லினக்ஸோடு சும்மா கிடைக்கும் கருவியைத் திறந்தேன்.
யார் யாரோ எழுதியது, எங்கெங்கோ இருந்து.
நம் படகு பேசும் பேச்சு அதற்குப் புரியாது.
கேட்டதைக் கேட்டபடி எழுதி வைக்கும்.
பொட்டலம் பொட்டலமாகப் பிரித்தேன்,
சுண்டலைத் தின்றுவிட்டுக் காகிதத்தைப் படிப்பவள்போல.
முதல் இரண்டு பைட் படகின் எண்.
அடுத்த நான்கு அட்சரேகை, தலைகீழாக.
ஏழாவது எதற்கென்று இன்றுவரை தெரியாது.

பதினோரு நாள்.
படகு கூப்பிடுகிறது. கரை கேட்டுவிட்டது.
கேட்டேன் என்று கரை சொல்லும் பதில்
அலையில் ஆடும் படகைத் தேடிப் பிடிக்க
நாலு நொடி, சிலநேரம் ஐந்து.
பெட்டியின் பொறுமை மூன்று நொடி.
அப்புறம் புது எண் போட்டுப் புதிதாக அலறும்.
முதல் அலறலைத் தானே மறந்துவிடும்.

எல்லாம் இணைத்து அனுப்பினேன்.
எந்த இயங்குதளத்தில் பதிந்தீர்கள் என்று கேட்டார் ஹெக்டே.
சொன்னேன்.
டிக்கெட் மூடப்பட்டது.

அன்றிரவு பதினொன்றரைக்கு
அறியாத எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி.
மேடம், காத்திருப்பை ஏழாக்கிப் பாருங்கள்.
நான் சொன்னதாக வேண்டாம்.
என் வீட்டிலும் லினக்ஸ்தான்.

காலையில் நூகுக்கனியின் படகில் ஏறிக்
கேபிள் செருகி மூன்றை ஏழாக்கினேன்.
பாறைபோல ஆடாமல் நின்றது கடல்,
சோதனைக்கு உதவாத கடல்.
காற்றுக்காக இரண்டு நாள் காத்திருந்தோம்.
மூன்றாம் நாள் அவர் அழுத்தினார்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
ஐந்தில் பதில் வந்தது.
மேசையில் ஒரே ஒரு வரி.

கம்பெனிக்காரன் வரலையா என்று கேட்டார்.
வந்தான், பேர் சொல்லாமல் என்றேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து குறிப்பு திரும்பியிருக்கிறது.
ஆதரவற்றது என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.
ஓரத்தில் சாய்ந்த கையெழுத்து:
உரிய சான்று இணைக்கவும்.