இடது கால்

வேலூர் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்:
நாங்களே எரித்துவிடவா, எடுத்துப் போகிறீர்களா?
எடுத்துப் போகிறேன் என்றேன்.
முழங்காலுக்குக் கீழே நாலு கிலோ சொச்சம்,
சர்க்கரை தின்றது போக.

பச்சைத் துணி சுற்றி உரச்சாக்கில் போட்டு
ராணிப்பேட்டை பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
"என்னம்மா, கறியா?" என்றான் கண்டக்டர்.
"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.
அதற்குமேல் அவன் லக்கேஜ் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம்
இரண்டடி போதும் என்றான் சின்னதுரை.
கிளாட்சன் ஐயர் அங்கி போடாமல் வந்தார்.
காலுக்கென்று ஜெபம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
மண்ணுக்கு மண் என்றதோடு நிறுத்திக்கொண்டு
மீதியைப் பிறகு பார்க்கலாம் என்பதுபோல் நின்றார்.

மீதி நீ.
ஆறு வருஷம் கழித்து, நேற்று வந்தாய்.

சுவரோரம் இப்போது இடமில்லை.
செல்லக்கண்ணு டீச்சர் வந்துவிட்டாள்,
பேர் வைக்காத ஒரு குழந்தை வந்துவிட்டது.
உனக்குக் கிடைத்தது பாலாற்றுப் பக்கம், கேட்டுக்கு அருகில்.
எழுபது தப்படி தள்ளி.
எண்ணிப் பார்த்தேன்.

எல்லோரும் ஆத்துமாவைப் பற்றியே பேசினார்கள்.
ஆத்துமா இளைப்பாறுகிறதாம்.
இருக்கட்டும்.
அதோடு எனக்கு அத்தனை பழக்கமில்லை.
முப்பத்தோரு வருஷம் நான் குடித்தனம் நடத்தியது
சரீரத்தோடு:
குரோம் ஏறி நீலம் பாரித்த நகங்களோடு,
எந்தச் சோப்புக்கும் போகாத தோல்ஷாப்பு வாடையோடு,
தூக்கத்தில் என்மேல் தூக்கிப் போடும்
அந்தக் காலோடு.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம்
பிலாத்துவரை மனப்பாடமாய் ஓடிவிடும்.
சரீரம் உயிர்த்தெழும் இடம் வந்தால்
நீ மட்டும் ஊன்றுகோலைத் தரையில் ஒருமுறை தட்டுவாய்.
பெண்கள் பக்கத்தில் எனக்குக் கேட்கும்.

ஐயரிடம் கேட்டேன், கால் எப்படி வந்து சேரும்?
"மகிமையின் சரீரம்மா, குறையே இருக்காது" என்றார்.
குறையே இல்லாத ஆளை
நான் எதைவைத்து அடையாளம் பிடிப்பது?
ஆண்டவரே ஆணித் தழும்போடுதான் எழுந்தார்,
அதைக் காட்டித்தான் நம்பவைத்தார்.
உன் கெண்டைக்காலில்
சுண்ணாம்புத் தொட்டி வேகவைத்த தழும்பு,
ரூபாய் அளவு,
அது?

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
அவர் சம்சாரம் போன மார்கழியில் போனவள்,
ஒரு மார்பை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவள்.
நீங்களே எரித்துவிடுங்கள் என்று
கையெழுத்துப் போட்டது அவர்.

நான் கேட்டிருக்கக் கூடாது.

எக்காளம் ஊதியதும்
உன் கண்ணில் முதலில் படுவது கேட்டுதான்.
தோல்ஷாப்பு சங்கென்று நினைத்து
நேராக வெளியே போய்விடாதே.
இடப்பக்கம் திரும்பு.
ஊன்றுகோல் பெட்டிக்குள் இருக்கிறது,
யாருக்கும் தெரியாமல் வைத்தேன்.
எழுபது என்றது என் தப்படி,
ஒற்றைக் காலில் உனக்கு நூறு ஆகலாம்.
டீச்சரின் தலைமாட்டைச் சுற்றிப் போ, தாண்டாதே.
அது அவசரக் கால்,
நீ போவதற்குள்
தானே எழுந்து எதிரே வந்தாலும் வரும்.

நடுவில் எனக்கு ஓர் இடம் கேட்டேன்.
கமிட்டியில் முன்கூட்டித் தருவதில்லையாம்.
பார்ப்போம்.