அரைப்புள்ளி

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி.
ஓணத்துக்கு நான்கு நாள்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த டேங்கர்கள்
விளக்கணைத்து வரிசையில் நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் ஒரு குவளை எடுத்து
ஷீபா கருவிக்குள் வைப்பாள்.
மீதி என் எழுத்து.

பொத்தானைத் தொட்டால்
புது டெர்மினல் ஒன்று திறக்கும்.
அதற்குள் மூன்று கட்டளை:
கருவியைப் படி;
எண்ணைப் பாலக்காட்டுக்கு அனுப்பு;
சீட்டை அச்சிடு.

முதல் நாள் மேற்கோள் குறி போட மறந்திருந்தேன்.
முதல் கட்டளை மட்டும் புது ஜன்னலுக்குப் போக
மற்ற இரண்டும்
பழைய ஜன்னலிலேயே ஓடி முடித்தன.
பர்மிட் இருந்த வண்டி எல்லை தாண்டிவிட
பின்னால் வந்தவை
இந்தப் பக்கமே சரக்கை இறக்கின கதை.
மூன்றையும் ஒரே மேற்கோளுக்குள் போட்டு
தார்ப்பாய் கட்டி இழுத்தேன்.
சேர்ந்தே போயின.

போயின என்பதோடு விட்டேன்.

ஜன்னல் திறக்கும், நாலு வரி ஓடும்,
வேலை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும்.
கண் சிமிட்டினால் போச்சு.
"நல்ல வேகம், ஸ்தனிஸ்" என்றார் கண்காணிப்பாளர்.
எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இரவு ஒன்றே கால்.
திருமூர்த்தியின் டேங்கர், பன்னிரண்டாயிரம் லிட்டர்.
சீட்டில் கொழுப்பு 2.8.
"இது போரா, கேட்டோ" என்றாள் ஷீபா.
அவர் சண்டை போடவில்லை.
"எங்க பக்கத்து மாடு இப்படிக் கறக்காதுங்களே" என்று
சீட்டிடம்தான் சொன்னார்.
வண்டியைத் திருப்ப மூன்று முறை
முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது.
சாலை அங்கே அவ்வளவு குறுகல்.

அடுத்த வண்டிக்கும் 2.8.
அதற்கடுத்ததுக்கும்.
ஷீபா மேஜைக்கடியில் குனிந்தாள்.
கருவியின் கேபிள் கழன்று கிடந்தது,
பக்கத்தில் சாவடிப் பூனை
உலகத்தில் எதற்கும் சம்பந்தமில்லாமல்.

முதல் கட்டளை கத்தியிருக்கிறது,
கருவி கிடைக்கவில்லை என்று.
கத்திய வாயோடு ஜன்னல் மூடிக்கொண்டது.
இரண்டாவது, கோப்பில் கிடந்த
பன்னிரண்டரை மணி நீர்ப்பாலின் எண்ணை
மறுபடி மறுபடி பாலக்காட்டுக்கு அனுப்ப,
மூன்றாவது
முத்திரையோடு அச்சடித்தது.

தமிழில் கட்டளை அடுக்குவது சுலபம்.
படித்து, அனுப்பி, அச்சிடு.
எச்சங்களை நிறுத்திக் கடைசியில்
ஒரு வினை வைத்தால் போதும்.
படித்தாயா என்று எந்த எச்சமும் நின்று கேட்காது.
அரைப்புள்ளிக்கும் அதே குணம்:
ஆனாலும் ஆகாவிட்டாலும் அடுத்தது.
நான் எழுதியிருக்க வேண்டியது ஓர் 'ஆல்'.
படித்தால் அனுப்பு.
அனுப்பினால் அச்சிடு.
விசைப்பலகையில் அதற்கு
ஏழாம் எண்ணின் தலையில் ஒரு குறி இருக்கிறது.
இரண்டு முறை தட்டணும்.
அவ்வளவுதான்.

நான்காவது அழைப்பில் எடுத்தார்.
அம்பராம்பாளையம் தாண்டியாச்சாம்.
"பால்?"
"இன்னும் கொட்டலீங்க. மனசு வரலை."

அவர் வருவதற்குள் இரண்டு இடத்தில் 'ஆல்' வைத்தேன்.
கடைசியில் இன்னொன்று சேர்த்தேன்:
முடிந்தபின் மூடாதே,
ஒரு ஷெல்லாக உட்கார்ந்திரு.

நாலே முக்காலுக்கு டேங்கர் வந்தது.
ஷீபா கேபிளை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள்.
ஜன்னல் திறந்தது.
மூன்று பேரும் குனிந்தோம்.
"நம்ம நம்பர் எதுங்க?"
விரல் வைத்துக் காட்டினேன். 4.3.
மற்ற வரிகளையும் படிக்கச் சொன்னார்,
அவருக்குப் புரியாது என்று தெரிந்தும்
ஒவ்வொன்றாகப் படித்தேன்.

புதுச் சீட்டை வாங்கிக்கொண்டார்.
பழையதை நான் கிழிக்கப் போக
கை நீட்டினார்.
"அது எதுக்கு?"
"இருக்கட்டுங்க."
மேல்பையில் ஒன்று, கீழ்ப்பையில் ஒன்று.

வண்டி கோவிந்தாபுரம் வளைவில் மறைந்தது.
ஜன்னல் மூடவில்லை.
கடைசி வரியில் அந்தச் சின்னக் கட்டம்
விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.
"மூடட்டே?" என்றாள் ஷீபா.
இரு என்றேன்.
வெளியே இன்னும் இரண்டு பேரைத்
திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது.