எரிக்காத மூட்டைகள்

மொபானி மரத்தின் மார்பளவில்
நாடாவைச் சுற்றுகிறாள் திசாவுகே.
நாற்பத்தொன்று.
போன வருடம் நாற்பதரை.

இந்த அரை சென்டிமீட்டரை நம்பித்தான்
எங்கோ ஒரு விமானம்
உறுத்தலில்லாமல் மேலேறுகிறதாம்.
லுசாகாவிலிருந்து வந்தவன் சொன்னான்.

இதே மரத்தை
வெட்டி, மண்மூடிச் சுட்டால்
இரண்டு மூட்டை கரி.
சுட்டுக்கொண்டிருந்தவள்தான்.
இப்போது
அவள் கிளப்பாத புகைக்கு விலை.
நடக்காத ஒன்றை எப்படி நிறுப்பீர்கள் என்றாள்.
கணினி நிறுக்கும் என்றார்கள்.

முதல் பணத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது.
இரண்டாம் பணம் வரவில்லை.
சந்தை படுத்துவிட்டதாம்,
எழுந்தால் சொல்லியனுப்புவார்களாம்.

ஒப்பந்தம் முப்பது வருடம்.
மூன்று போயிற்று.
வயிற்றில் உதைக்கிற இது
இருபத்தேழு வயதில்
தன் ஊர் மரத்தைத் தொடலாம்,
கோடரியோடு.

இருட்டுகிறது.
அடுப்புக்குக் கரி வேண்டும்.
பெரிய சாலைக்கு அப்பால்
கணக்கில் சேராத காடு.
அங்கிருந்து சைக்கிளில் வருகிறான் சாக்கேயோ,
மூட்டைகளுக்குப் பின்னால் தலை தெரியாமல்.
விலை இரண்டு மடங்கு. பேரம் இல்லை.
"உன் மரங்கள் நலமா?" என்கிறான்.
அரை மூட்டை வாங்குகிறாள்.

காலையில்
நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.
நாடா வெள்ளை.