கண்ணாடியில் குப்புற

காலையில் முதல் வந்தது
ஞானமலரின் மகனுடைய பரீட்சை முடிவு.
கணிதத்துக்கு எஸ், மற்றதெல்லாம் பி.
ஐந்து கொப்பி கேட்டான்.
ஆருக்கடா ஐந்து?
"ஒண்டு கனடாவுக்கு. மாமா சொன்னா நம்பமாட்டார்."

எங்கள் ஒழுங்கையில் எது நடந்தாலும்
இந்தக் கண்ணாடியில் ஒருக்கால்
முகங்குப்புறப் படுத்துவிட்டுத்தான் வெளியே போகும்.
அடியால் ஒரு பச்சை வெளிச்சம் ஓடும்.
பத்து ரூபாய்.
கச்சேரி வாசலில் எட்டு என்பவர்களிடம்
அங்கேயே எடுங்கோ என்பேன்.
போகமாட்டார்கள். அப்படி வெயில்.

கரடிப்போக்குப் பக்கம் புதுச் சிக்னல் லைட் பூட்டி
மூன்று கிழமை.
மஞ்சள் மட்டும் கண்ணடிக்கிறது.
மாடுகள் கொஞ்சம் யோசித்துக் கடக்கின்றன,
தனியார் பஸ் யோசிப்பதில்லை.
மீன்கார அல்பிரட் நெற்றியில் ஏழு தையலோடு வந்து
ஆஸ்பத்திரித் துண்டை நீட்டினார், காப்புறுதிக்கு.
"பெட்டி நிறைய இரணைமடு ஜப்பான், தங்கச்சி,
அப்பிடியே தார் றோட்டில கிடந்து துள்ளினது."
தையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாலர் பாடசாலைக்குப் பக்கத்து வெறுங்காணியில்
லீசிங் கொம்பனி எழும்பிவிட்டது.
கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்,
வாசலில் பிளாஸ்டிக் வாழை.
அன்றிலிருந்து எனக்கு அடையாள அட்டைகள் கூடின.
கடன்காரரின் முன்பக்கம் பின்பக்கம்,
பிணைக்காரர் இரண்டு பேரின் முன்பக்கம் பின்பக்கம்.
ஊர்ச்சனத்தைக் கறுப்பு வெள்ளையில்
நான் பாடமாக்கியது இப்படித்தான்.

நவமணியக்கா ஏழு பேருக்குப் பிணை.
எட்டாவதுக்கு வந்தபோது
அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
சிரித்தா.
"வை பிள்ளை. அவளுக்கும் வேற ஆர் இருக்கினம்?"
வைத்தேன்.
என் மெஷினும் லீசிங்கில் எடுத்ததுதான்.

இந்தக் கிழமைச் செய்தி தண்ணீர்.
ஒழுங்கையை நீளத்துக்கு வெட்டி
நீலக் குழாய் தாட்டுக்கொண்டு வருகிறார்கள்.
மண் கிளம்பும் இடமெல்லாம் வேலியோரம் சனம்.
இதுவரை வந்தவை:
ஒரு சயிக்கிள் பிரேம்,
ஒற்றைச் செருப்பு,
நசுங்காத அலுமினியக் கேத்தில் ஒன்று.
மூடி இருந்தால் கழுவி எடுத்திருப்பேன் என்றாள் சர்மிளா.
ஒருவரும் சிரிக்கவில்லை, பிறகு எல்லாரும் சிரித்தோம்.

வைகுந்தநாதன் ஐயா மாதக் கடைசியில் வருகிறவர்.
ஒரே கடிதம், பதினான்கு கொப்பி,
பதினான்கு கந்தோருக்கு.
கடிதத்தின் மேல்மூலையில் பள்ளிக்கூடப் படம்.
கொப்பியிலிருந்து கொப்பி எடுத்து எடுத்து
மூக்குப் போய், கண் போய்,
இப்போது கழுத்துப்பட்டி மட்டும் தெரிகிறது.
ஒறிஜினலைத் தாங்கோ ஐயா, தெளிவாய் வரும் என்று
ஒருமுறை கேட்டேன்.
"அதைக் கொழும்பில வாங்கி வச்சவை."

நேற்று அவர் மாத நடுவில் வந்தார்.
கையில் தண்ணீர் இணைப்புப் படிவம்,
ஒன்றும் நிரப்பாதது.
'வீட்டில் வசிப்போர் தொகை' என்ற கட்டத்தின் மேல்
பெருவிரலை வைத்தபடி கன நேரம் நின்றார்.
பேனை இருக்குது ஐயா என்றேன்.
"ரெண்டு கொப்பி எடும் பிள்ளை.
ஒண்டில பிழைச்சாலும்."

என் விரல் பழக்கத்தில்
பதினான்கை அமத்திவிட்டது.

நிறுத்து பொத்தானைத் தேடவில்லை.
சுடச்சுட விழுந்த தாள்களை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அவர் இரண்டை எடுத்தார்,
இருபது ரூபாயை வைத்தார்,
சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.
அவர் ஏறாமல் வாய்க்கால் மட்டும் உருட்டியதைப் பார்த்தேன்.

மிச்சப் பன்னிரண்டும்
பின்னேரத்துக்குள் முடிந்துவிட்டது.
அல்பிரட்டுக்கு ஒன்று, நவமணியக்காவுக்கு ஒன்று.
சர்மிளா கடன் சொல்லி எடுத்தாள்.
இன்றைக்கும் ஆள் வந்து கேட்கிறது,
என்னிடம் ரோனர் இல்லை.