ஆறு பொத்தான்

எங்கள் நாய் அவனை ஒருமுறை கடித்திருக்கிறது.
ஏவிவிட்டது நான். எனக்கு அப்போது பதினொரு வயது.
அயோவா மண்சாலையில், ஜூலை வெயிலில்,
முதுகில் ஒரு பெட்டி, மார்பில் ஒரு பெட்டி,
நடுவில் அகப்பட்ட மனிதனாக வந்தான்
ஊசி, நூல், சரிகை நாடா, ஜெபமாலை விற்கிற
ஃபாரிஸ் மெல்ஹெம்.
லூத்தரன்கள் நாங்கள், ஜெபமாலை எதற்கு?
அம்மா அவன் கெண்டைக்காலைக் கழுவிக் கட்டிவிட்டு
வெட்கத்துக்கு ஆறு பொத்தான் வாங்கினாள்.
ஏழு எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

பதினெட்டாம் வருடம், டாட்ஜ் முகாமில்,
கஞ்சி வரிசையில் எனக்கு முன்னால்
பெட்டி வார் காய்த்துப்போன அதே தோள்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கேப்டன் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்:
நீ சுல்தானின் குடிமகன், சட்டம் உன்னை இழுக்காது,
இதில் கையெழுத்துப் போடு, போய்விடலாம்.
அவன் அந்தத் தாளை
துணி மடிப்பதுபோல் ஓரம் சேர்த்து மடித்து
மேஜைமேல் திருப்பி வைத்தான்.

துருக்கி என்று கூப்பிட்டோம்.
எவனுக்குப் பயந்து கப்பலேறினானோ
அவன் பெயரையே இவனுக்குச் சூட்டினோம்.
கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

அட்லாண்டிக்கில் ஓர் இரவு,
வாந்தி வாளிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்:
படை பெய்ரூட்டில் இறங்கும் என்று நினைத்தேன்.
மலைமேல் அம்மா. தங்கைகள் வர்தே, நஜ்லா.
கடிதம் வந்து மூன்று வருடம்.
கடைசிக் கடிதத்தில் வெட்டுக்கிளி பற்றி எழுதியிருந்தார்கள்,
பட்டுப்புழுவுக்குப் போட ஓர் இலைகூட மிச்சமில்லை என்று.
கப்பல் பிரெஸ்டில் நின்றது.
கிழக்கு எது என்று கேட்டான்.
மேகமூட்டம். கையை எங்கோ நீட்டினேன்.

இரவு தங்க இடம் தேடிய ஊர்களில்
எங்களுக்காகக் கதவு தட்டியது அவன்தான்.
மூன்று தட்டு. உடனே இரண்டடி பின்னால் போ.
தொப்பியைக் கழற்று. திறக்கிறவளுக்கு
உன் கைகள் இரண்டும் தெரியவேண்டும்.
சார்ஜென்ட் ஹோல்வர்சன் துப்பாக்கிக் கட்டையால் தட்டினால்
ஊரே செத்ததுபோல் கிடக்கும்.
இவன் தட்டினால் வைக்கோல் கிடைக்கும்,
ஒருதரம் நான்கு முட்டை.

அர்கோன் காட்டில் தட்டுவதற்குக் கதவில்லை.
சுமந்து பழகியவன் என்று ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள்.
கூட்டாளி விழுந்த பிறகு முதுகிலேயே ஏற்றிக்கொண்டான்.
ஹோல்வர்சனை ஒரு மைல் தூக்கி வந்தான், மழையில்.
பாதி வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.
தெரியவில்லையா என்றேன்.
தெரிந்தது, என்றான். கீழே வைக்க இடமில்லை, ஒரே சேறு.

போர் நின்ற மறுவாரம் மூட்டை சோதனை.
அவன் பையில் நாற்பத்தோரு பிஸ்கட் பொட்டலம்,
மாட்டிறைச்சி டின் ஒன்பது.
பதுக்கல் என்று மூன்று நாள் கக்கூஸ் குழி வெட்டவிட்டார்கள்.
யாருக்கடா இவ்வளவு என்று கேட்டதற்கு
தபால் திறக்கட்டும், என்றான்.

பத்தொன்பது செப்டம்பர். எங்கள் வீட்டுக் கதவில்
மூன்று தட்டு.
திறந்தபோது இரண்டடி தள்ளி நின்றிருந்தான்,
மார்பிலும் முதுகிலும் பெட்டிகள்.
ஊர்ப் பாதிரியார் எழுதிய கடிதத்தைக் காட்டினான்.
எனக்கு அந்த எழுத்து தெரியாதென்பதை மறந்து
என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.
பிறகு அவனே சொன்னான்.
முதலில் கூரை உத்தரத்தை விற்றார்கள். பிறகு ஜன்னல்கள்.
கடைசியில் கதவு.
அக்ரூட் மரம், அப்பா இழைத்தது.
ஒரு படி பார்லிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
அநியாய விலை, என்றான், வியாபாரக் குரலில்.
நான் இருந்திருந்தால் நான்கு படிக்குக் குறைந்து விட்டிருக்கமாட்டேன்.
நான்கு படி என்றால் மூன்று பேருக்கு
எத்தனை நாள் என்று விரலை மடக்கினான்,
நிறுத்திக்கொண்டான்.

அம்மா உள்ளேயிருந்து வந்து
ஆறு பொத்தான் வேண்டும் என்றாள்.
பெட்டியைத் திறந்தான். எண்ணினான்.
நாலில் கணக்கு விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான்.