உதிர்வுச் சோதனை

காலை ஐந்தே முக்கால்.
நெற்பூ இன்னும் வாய் திறக்கவில்லை.
உமியின் மேல்நுனியைக் கத்தரியால் நறுக்கி
மெல்லிய கவ்வியால்
ஆறு மகரந்தப் பைகளையும் எடுக்கவேண்டும்.
ஐந்தை எடுத்து ஒன்றை மறந்தால்
அந்த மணி தன்னையே மணந்துகொள்ளும்.
நெல் அப்படித்தான், அயல் வீட்டுக்கு அதிகம் போகாது.

பிறகு காகித உறை, குண்டூசி,
பென்சிலில் தாயின் பெயர், தந்தையின் இலக்கம்.
"கலியாணம் முடிஞ்சுதோ மிஸ்?"
வரம்பிலிருந்து புஸ்பமலர்.
மாப்பிள்ளை பத்து மணிக்குத்தான் வருவார் என்கிறேன்.

தாய், திணைக்களம் வெளியிட்ட குட்டை நெல்.
மூன்று மாதத்தில் முற்றும், காற்றுக்குச் சாயாது,
பரந்தன் முழுக்க விதைக்கிறார்கள்.
உப்பு மட்டும் ஆகாது.
கண்டாவளைக் கடைசி மடையில்
இலை நுனி எரிந்து, பத்தாம் நாள் படுத்துவிடும்.

தந்தைக்குப் பெயர் இல்லை.
பதிவேட்டில் க.வ. ஏழு.
நீரேரிப் பக்கம்
சனம் இல்லாமல் கிடந்த வயலில் எடுத்தது.

நாலு காலபோகம் அங்கே
உழவு இல்லை, உரம் இல்லை, அறுக்க ஆள் இல்லை.
பழுத்தாலும் விழாதே,
கை வரும்வரை பிடித்துக்கொள் என்றுதான்
எத்தனையோ ஆயிரம் அறுவடையாய்
நெல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.
சொன்னபடி நின்றது.
கதிரிலேயே முளைத்துக் கதிரிலேயே கருகியது.
கை வரவில்லை.

சொல் கேளாமல் உதிர்ந்தது
சேற்றுக்குள் போனது,
மாரிக்கு எழும்பியது,
மறுபடி உதிர்ந்தது.

கண்ணிவெடிக்காரர் சிவப்புத் தடிகளைப் பிடுங்கிய மாதம் போனேன்.
மார்பளவு. மீசை வைத்த மணி. அடித்தண்டில் ஊதா.
உப்புப் பூத்த மண்ணில் அப்படியொரு கரும்பச்சை.
தொடவில்லை, கிட்டப் போனேன், கொட்டியது.

"உது பண்டிநெல்லு பிள்ளை, நெருப்பு வைக்கப் போறன்"
என்றார் காணிக்காரர் குணபாலசிங்கம்.
வைத்தார்.
அதற்குள் ஒரு சவர்க்காரப் பெட்டி நிறைய
எடுத்துவிட்டேன்.

முதல் தலைமுறை எல்லாம் ஒரே முகம்.
எல்லாம் தகப்பன் மாதிரி உதிர்ந்தன.
இரண்டாவதில்தான் குடும்பம் பிரியும்.
நெட்டை, குட்டை, மீசை, மொட்டை,
எவரையும் போல் இல்லாதவை சில.
அறுநூற்று நாற்பது செடி.
நாலில் ஒன்று பிடித்துக்கொள்ளவேண்டும், நூற்றறுபது.
எனக்குக் கிடைத்தது நூற்றைம்பத்தொன்று.
ஒன்பதை மாடு மேய்ந்திருக்கலாம்,
மாட்டைச் சொல்வானேன், கணக்கு எப்போதும் கொஞ்சம் மேயும்.

சோதனை எளிது.
கதிரைப் பொத்திய கைக்குள் வைத்து
ஒரு மூச்சு நேரம் இறுக்கி விடவேண்டும்.
விழுந்ததை எண்ணவேண்டும்.
உப்புக்கு வேறு தாள்:
ஒன்று என்றால் பச்சை, ஒன்பது என்றால் செத்தது.
இரண்டிலும் தேறியது பதினொன்று.
பதினொன்றுக்கும் உப்பில் மூன்று.
போதும் என்று வட்டம் போட்டார்
பொறுப்பதிகாரி தர்மகுலநாதன்.

இருநூற்றுப் பதினேழாம் செடிக்கு உப்பில் ஒன்று.
அறுநூற்று நாற்பதில் அது ஒன்றுக்குத்தான் ஒன்று.
தூர் இருபத்திரண்டு.
பொத்தினேன். இறுக்கக்கூட இல்லை.
நூற்றுக்கு எண்பத்தாறு என்று எழுதி
பக்கத்தில் நீக்கு என்றும் எழுதினேன்.
என் கையெழுத்து அன்றைக்கு நன்றாகவே இருந்தது.
அரிவாள் வைத்தது புஸ்பமலர்.

இது ஐப்பசி.
மேற்குத் துண்டில், அதே மண்ணில்,
பதினொன்றின் பிள்ளைகள் நூல் பிடித்த வரிசையில்.
வரிசைக்கு நடுவே, யாரும் நடாத இடத்தில்,
ஊதா அடியோடு நாற்றுகள்.

மானியைத் தண்ணீரில் வைத்தேன். எட்டு.
வரிசையில் நின்றவற்றுக்கு நுனி மஞ்சள்.

ஒன்றைக் கிள்ளி எடுத்துக் காட்டினாள் புஸ்பமலர்.
வேரடியில் போன வருசத்து உமி,
மீசை கூட இன்னும் விழவில்லை.
"பிடுங்கவோ மிஸ்?"

களையெடுப்பு அட்டவணையில் இன்றைய திகதிதான்.

"நாளைக்கு," என்றேன்.