இரும்பு பிடித்த கை

டெங்குவுக்கு ஒரு கோடு.
எலிக்காய்ச்சலுக்கு ஒரு கோடு.
உண்ணிக்காய்ச்சலுக்கும், கொஞ்சம் மங்கலாக.
ஒரே பெண்ணுக்கு ஒரே ராத்திரியில் இத்தனையா?
பெட்டியின் காலாவதித் தேதியைப் பார்த்தேன்.
என் விரலைக் குத்தி ஒரு சொட்டு விட்டேன்.
எனக்கு ஒன்றும் இல்லை.

தேவாலாவில் ஆடி மழை
எட்டாம் நாளாகத் தகரத்தை அடித்துத் துவைக்கிறது.
இங்கே எதுவும் துருவுக்குத் தப்பாது:
ஜன்னல் கொக்கி, குளுக்கோஸ் ஏற்றும் கம்பியின் முட்டி,
லேப் சாவி.

அம்மிணி. வயது இருபத்திரண்டு. பணியர் காலனி.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்று.
செல்கள் அரிவாளாய் வளையும் குடும்பம்;
தம்பி போன வருஷம் போனான்.
விலா வலிக்கிறது என்கிறாள், யாரோ உள்ளிருந்து
கவாத்து வெட்டுவது மாதிரி.

குழாயைச் சுழற்றி எடுத்தேன்.
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய நீர்
கட்டன் சாயாவாக நின்றது.

உடைந்த செல்லிலிருந்து இரும்பு
தனியாக வெளியே வருவதில்லை.
ஒரு வளையத்தின் நடுவில் உட்கார்ந்து வருகிறது.
ஹீம்.
வீட்டுக்குள் இருக்கும்வரை மூச்சு சுமக்கும் சாது.
தெருவில் கண்டால் கையைப் பிடித்துக்
கல்லீரலில் கொண்டுபோய் விட
ஹீமோபெக்சின் என்றொரு புரதம் உண்டு,
ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில்.
அம்மிணிக்கு அந்தக் கணக்கு
என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

மிச்ச ஹீம் எதிரே வரும் புரதத்தில் எல்லாம் ஒட்டும்.
ஆன்டிபாடியிலும்.
ஒரே ஒரு முகத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்த கை அது.
இரும்பு பிடித்ததும்
எந்த முகத்தைப் பார்த்தாலும் சட்டையைப் பிடிக்கிறது.
இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும்
சும்மா இருக்காது என்பார்கள்.
சொன்னவன் கொல்லனைப் பார்த்துச் சொன்னான்.
நான் இந்தக் குழாயைப் பார்த்துச் சொல்கிறேன்,
நிரூபிக்க என்னிடம் மெஷின் இல்லாமல்.

கூச்சல் கேட்டு நிரப்புப் புரதங்களும் எழுந்து வரும்.
யார், எவர் என்று விசாரிக்காமல்
ரத்தக்குழாயின் சுவரையே குத்தும்.
போன மாதம் நாடுகாணியில் ஒற்றை யானை என்று
தகரம் தட்டி, பந்தம் பிடித்து, ஊரே ஓடியது.
யானை வரவேயில்லை.
விடிந்து பார்த்தால்
வாழை மொத்தமும் எங்கள் காலடியில்.

பையிலிருந்து அம்மிணி ஒரு அட்டையை எடுத்தாள்.
இரும்புச்சத்து மாத்திரை. எல்லாக் குழியும் காலி.
"ஒண்ணு விடாம தின்னேன் சேச்சி.
ரத்தம் ஏறும்னு நர்ஸம்மா சொன்னாங்க."
டாக்டர் ரெஹானத் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
"இத நிறுத்துங்க" என்றார், அவளிடம் இல்லை, சுவரிடம்.

காய்ச்சல் மூண்டதும் கல்லீரல்
ஹெப்சிடின் என்ற சின்னச் சாவியை அனுப்பி
இரும்புக் கிடங்குகளைப் பூட்டிவிடும்.
கிருமிக்கும் இரும்புப் பசி;
கலவர நாளில் யார் கடை திறப்பார்?
நாங்கள்தான்
பூட்டிய கடை வாசலில்
லோடு இறக்கிக்கொண்டிருந்தோம்,
இவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு.

ஐந்தாம் நாள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏறிய பிறகு,
புதுக் குழாய்.
நீர் வெளுத்திருந்தது. முழுதாக இல்லை.
டெங்கு கோடு போயிருந்தது. உண்ணியும்.
எலிக்காய்ச்சல் மட்டும் நின்றது,
அல்லது நிற்க வேண்டும் என்று நான் பார்த்தேனோ.
வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்தேன்,
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.

பதிவேட்டில் இரண்டே கட்டம்:
உண்டு, இல்லை.

"அப்ப நான் தின்னதெல்லாம்?" என்று அம்மிணி கேட்டாள்.
பதிலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பழைய ரிப்போர்ட்டோடு புதியதைச் சேர்க்கக்
குண்டூசியை உருவினேன்.
ஐந்து நாளில் அது காகிதத்தில்
சின்னதாக ஒரு பழுப்பு வளையம் போட்டிருந்தது,
நடுவில் ஓட்டை.